தேனீப் பிசினும் வெயிற்காப்பும்

தேனீப் பிசின் அல்லது புரோப்போலிசு என்பது, மரமொட்டுகளிலும் பட்டைக் காயங்களிலும் கசியும் பிசினைத் தேனீக்கள் சுரண்டி எடுத்து, தம் மெழுகுடன் கலந்து, கூட்டின் இடுக்குகளை அடைக்கப் பயன்படுத்தும் ஒட்டுந்தன்மை உள்ள பொருள் ஆகும். இது தேன் அன்று, தேன்மெழுகும் அன்று. எந்த மரத்துப் பிசின் என்பதைப் பொறுத்து இதன் நிறம் பச்சை, சிவப்பு, பழுப்பு, கருப்பு என மாறுபடும். இதிலுள்ள சில சேர்மங்கள் கதிரவ ஒளியின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுகின்றன. ஆகவே தோலை வெயிலிலிருந்து காக்கும் இயற்கைப் பூச்சாக இதனைக் கொள்ளலாம் என்னும் கருத்து உண்டு. அக்கருத்துக்கு வேதியியல் அடிப்படை உள்ளது. எனினும் எல்லாத் தேனீப் பிசினும் ஒரே பொருள் அன்று. ஒரு நாட்டுக் கூட்டிலிருந்து எடுத்த பிசினில் கண்ட பயனை மற்றொரு நாட்டுக் கூட்டுக்கு அப்படியே பொருத்த இயலாது. இராமநாதபுரம் மாவட்டத்தின் மாரியூர், வாலிநோக்கம் கடற்கரையில் உப்பளங்களில் நாள் முழுதும் வெயிலில் நிற்கும் தொழிலாளர்களுக்கு இது உதவுமா என்று கேட்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகிறது.

பெயர்

புரோப்போலிசு என்பது கிரேக்கச் சொல். 'புரோ' என்பது முன் என்றும், 'போலிசு' என்பது நகரம் என்றும் பொருள்படும். கூட்டின் வாயிலில் இப்பொருள் மிகுந்து காணப்படுவதால் நகரின் முன்னுள்ள அரண் என்னும் கருத்தில் இப்பெயர் வந்தது. கி. பி. முதலாம் நூற்றாண்டில் உரோமைய அறிஞர் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் கூட்டுச் சுவரின் பூச்சுகளை மூன்றாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றைப் புரோப்போலிசு எனக் குறித்துள்ளார்.

தமிழில் பிசின் என்னும் சொல் இரண்டு வேறுபட்ட பொருள்களைக் குறிக்கும். கருவேலம் பிசின், முருங்கைப் பிசின், பாதாம் பிசின் முதலியவை நீரில் ஊறிக் கரையும் அல்லது பருக்கும். இவை சர்க்கரை மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாக இணைந்தவை. இவற்றைக் கோந்து என்பது பொருத்தம். குங்கிலியம், சாம்பிராணி முதலியவை நீரில் முழுதும் கரைவதில்லை, எரித்தால் மணக்கும், சாராயத்தில் பெரும்பகுதி கரையும். தேனீக்கள் கூட்டை அடைக்க நாடுவது இந்த இரண்டாம் வகையையே ஆகும். ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதால், வேலமரம் நிறைந்த ஊரில் தேனீப் பிசினும் நிறையக் கிடைக்கும் என்று தவறாக எண்ண இடமுண்டு.

கூட்டில் இதன் பணி

பிசின் சேகரிக்கச் செல்லும் தேனீ தன் தாடைகளால் அதைக் கடித்து இழுத்து, மகரந்தம் சுமக்கும் பின்கால் கூடைகளிலேயே ஏற்றிக்கொண்டு திரும்பும். தானே அதை இறக்க இயலாது. கூட்டிலுள்ள வேறு தேனீக்கள் சிறிது சிறிதாகக் கடித்து எடுக்க வேண்டும். அதனால் ஒரு சுமையை இறக்க நெடுநேரம் ஆகும். இத்தனை உழைப்புக்கும் இது உணவாக ஆவதில்லை. விரிசல்களை அடைத்தல், வாயிலைக் குறுக்குதல், உட்சுவரில் மெல்லிய பூச்சாகப் பரப்பிப் பூஞ்சையையும் நுண்ணுயிரிகளையும் கட்டுப்படுத்துதல் ஆகியனவே இதன் பயன்கள். கூட்டினுள் புகுந்து கொட்டுப்பட்டு மடிந்த சுண்டெலியை வெளியே இழுத்துப் போட இயலாதபோது, தேனீக்கள் அதன் மேல் முழுதும் பிசினைப் பூசி மூடிவிடுவதும் உண்டு. உடல் அழுகாமல் உலர்ந்துவிடும்.

ஏறத்தாழ 15 பாகை செல்சியசுக்குக் கீழே இப்பிசின் உடையும் தன்மை பெறும். 25 முதல் 45 பாகை வரை மென்மையாகி ஒட்டும். 60 முதல் 70 பாகையில் பெரும்பாலும் உருகும். தமிழகக் கடற்கரையின் பகல் வெப்பத்தில் இது எப்போதும் கையில் ஒட்டும் நிலையிலேயே இருக்கும் எனலாம்.

வேதியியல்

மிதவெப்ப நாடுகளின் தேனீப் பிசினில் பொதுவாகப் பாதியளவு மரப்பிசினும், முப்பது விழுக்காட்டை ஒட்டி மெழுகும், பத்து விழுக்காட்டை ஒட்டி நறுமண எண்ணெய்களும், எஞ்சியதில் மகரந்தமும் பிறவும் இருக்கும். இவ்விகிதங்கள் நூல்களில் திரும்பத் திரும்பக் கூறப்பட்டாலும், மரப்பிசின் என்னும் அந்தப் பாதிக்குள் என்ன இருக்கிறது என்பதே வெயிற்காப்பைத் தீர்மானிக்கிறது.

ஐரோப்பாவில் தேனீக்கள் பெரும்பாலும் பாப்புலர் மரத்தின் மொட்டுகளை நாடுகின்றன. ஆகவே அங்குக் கிடைப்பதில் பினோசெம்பிரின், கிரைசின், கலாஞ்சின் முதலிய ஃபிளவனாய்டுகளும், காஃபிக் அமிலம், ஃபெருலிக் அமிலம், அவற்றின் எசுத்தர்கள் ஆகியனவும் மிகுதி. பிரேசிலின் பச்சைப் பிசின் பாக்காரிசு என்னும் புதர்ச்செடியிலிருந்து வருவது. அதன் அடையாளச் சேர்மம் ஆர்ட்டெப்பிலின்-சி. அந்நாட்டின் வடகிழக்குக் கடலோரச் சிவப்புப் பிசின் தல்பெர்கியா இனத்துச் செடியொன்றின் சிவந்த கசிவிலிருந்து கிடைக்கிறது. கியூபாவில் குளூசியா மலரின் பிசின் பயன்படுகிறது. தென்கிழக்காசியாவில் மாமரத்தின் கசிவைத் தேனீக்கள் எடுக்கும் இடங்களில், ஃபிளவனாய்டுகளுக்கு மாறாக டிரைடெர்ப்பீன்களும் நீண்ட வால் கொண்ட ஃபீனால்களும் மேலோங்கும்.

புற ஊதாக் கதிரை ஒரு மூலக்கூறு உறிஞ்ச வேண்டுமானால் அதில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் அடுத்தடுத்து அமைந்த நீண்ட தொடர் இருக்க வேண்டும். காஃபிக் அமிலமும் ஃபெருலிக் அமிலமும் 320 நானோமீட்டரை ஒட்டி நன்கு உறிஞ்சும். பினோசெம்பிரின் 290-ஐ ஒட்டியும், கலாஞ்சின் 360-ஐ ஒட்டியும் உறிஞ்சுகின்றன. கடையில் விற்கும் வெயிற்காப்புக் களிம்புகள் பலவற்றில் சேர்க்கப்படும் ஆக்டைல் மெத்தாக்சிசின்னமேட் என்னும் செயற்கைப் பொருளும், காஃபிக் அமிலமும் சின்னமிக் அமிலக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. தேனீப் பிசின் வெயிலைத் தடுக்கும் என்பதற்கு இந்த உறவே மிக வலுவான சான்று. இதற்கு எதிராக, டிரைடெர்ப்பீன்களில் அத்தகைய தொடர் இல்லை. அவை மிகுந்த பிசின் கண்ணுக்கு எவ்வளவு கருப்பாகத் தோன்றினாலும், தோலை எரிக்கும் அலைநீளங்களைப் பெரும்பாலும் தடையின்றி விட்டுவிடும். கரிய நிறத்தைக் கண்டு காப்பு மிகுதி எனக் கொள்ளலாகாது.

கதிரவ ஒளியும் தோலும்

கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் அலைநீளத்தைக் கொண்டு மூன்றாகப் பகுக்கப்படுகின்றன. 280 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதா-சி வளிமண்டலத்தின் ஓசோனால் முழுதும் தடுக்கப்படுகிறது. 280 முதல் 315 வரையிலான புற ஊதா-பி தோலின் மேலடுக்கில் உறிஞ்சப்பட்டு, உயிரணுக்களின் டி. என். ஏ.வில் அடுத்தடுத்துள்ள தைமின் அலகுகளை ஒன்றோடொன்று பிணைத்துச் சேதப்படுத்துகிறது. தோல் சிவத்தலும் எரிதலும் பெரும்பாலும் இதனால் நேர்வன. 315 முதல் 400 வரையிலான புற ஊதா-ஏ இன்னும் ஆழமாகச் சென்று, வினைத்திறன் மிக்க ஆக்சிசன் துணுக்குகளை உண்டாக்கி, தோலுக்கு உறுதி தரும் கொலாசன் இழைகளைச் சிதைக்கிறது. சுருக்கங்களும் கரும்படைகளும் இதனால் மிகும்.

கருந்தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பது தவறு. கருந்தோலின் மேலடுக்கு மெலனின் நிறமியால் ஏறத்தாழ 13 அளவுள்ள வெயிற்காப்பு எண்ணுக்கு நிகரான காப்பைத் தருகிறது என்றும், வெண்தோலில் அது 3-ஐ ஒட்டியே உள்ளது என்றும் 1979 இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. ஆதலால் கருநிறத்தோரிடம் வெயிலால் வரும் தோற்புற்று மிகக் குறைவு. ஆனால் கரும்படை, தோல் தடித்தல், உதட்டு வெடிப்பு, கண்ணின் வெள்ளைவிழியில் சதை வளர்தல் ஆகியன அவர்களையும் தாக்கும். கண்ணுக்கு மெலனின் போர்வை இல்லை. எந்தப் பூச்சும் அதற்கு உதவாது.

வெயிற்காப்பு எண்

களிம்புப் புட்டியில் அச்சிடப்படும் வெயிற்காப்பு எண், தோல் சிவக்கத் தேவையான கதிரளவு களிம்பால் எத்தனை மடங்கு கூடுகிறது என்பதைக் குறிக்கும். எண் 15 என்றால் எரிக்கும் கதிர்களில் பதினைந்தில் ஒரு பங்கும், எண் 30 என்றால் முப்பதில் ஒரு பங்கும் தோலை அடைகின்றன எனக் கொள்ளலாம். இவ்வெண்ணை உண்மையில் அளக்க, தன்னார்வலர்களின் முதுகில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் களிம்பைப் பூசி, செயற்கைக் கதிரவ விளக்கைப் பாய்ச்ச வேண்டும். நடைமுறையில் மக்கள் இதில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் பூசுகின்றனர். ஆகவே கிடைக்கும் காப்பும் அச்சிட்ட எண்ணைவிட மிகக் குறையும்.

மூலிகைப் பொருள்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த நெடிய வழியைப் பின்பற்றுவதில்லை. 1986 இல் பிரேசிலின் மன்சூரும் அவர்தம் குழுவினரும் வகுத்த எளிய சமன்பாட்டையே கையாள்கின்றன. பொருளைச் சாராயத்தில் கரைத்து, குவார்ட்சுக் குப்பியில் இட்டு, 290 முதல் 320 நானோமீட்டர் வரை ஐந்து ஐந்தாக ஏறும் ஏழு அலைநீளங்களில் அது எவ்வளவு உறிஞ்சுகிறது என அளந்து, ஒவ்வொன்றையும் அந்த அலைநீளத்தின் எரிக்கும் திறனுக்கேற்ற எடையால் பெருக்கிக் கூட்டி, கடைசியில் பத்தால் பெருக்குவது இம்முறை. செலவு குறைவு, ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். குறை என்னவெனில், விடை கரைசலின் செறிவைப் பொறுத்தது. இருமடங்கு பொருளைக் கரைத்தால் எண்ணும் ஏறத்தாழ இருமடங்காகும். மேலும் குப்பியிலுள்ள கரைசல் எங்கும் ஒரே தடிப்பு உடையது. தோலோ மேடும் பள்ளமும் வியர்வையும் உடையது. மேட்டில் படலம் மெலிந்து போனால் கதிர் அவ்வழியே புகுந்துவிடும். 320-க்கு மேற்பட்ட புற ஊதா-ஏ இச்சமன்பாட்டில் வருவதே இல்லை. இம்முறையில் கிடைத்த எண்ணை, புட்டியில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிடுவது பொருந்தாது. இயற்கைப் பொருள்களின் விளம்பரங்களில் இந்த ஒப்பீடு அடிக்கடி காணப்படுவதால் இதனை இங்கு விரித்துச் சொல்ல வேண்டியுள்ளது.

ஆய்வுகள்

2010 இல் ஆசுத்திரேலியாவின் சிட்னிப் பகுதித் தேனீப் பிசினைக் கொண்டு மயிரற்ற எலிகளின் மீது நடத்திய ஆய்வு வெளியானது. கதிரவ ஒளியை ஒத்த விளக்கொளி பட்ட எலிகளின் தோலில் இதனைப் பூசியபோது வீக்கம் குறைந்தது. கொழுப்புகள் ஆக்சிசனேற்றம் அடைவதும், தோலின் நோயெதிர்ப்புத் திறன் தாழ்வதும் குறைந்தன. இங்குப் பிசின் கதிரைத் தடுக்கும் திரையாக மட்டுமன்றி, கதிர் உண்டாக்கும் ஆக்சிசன் துணுக்குகளைத் தணிக்கும் பொருளாகவும் பார்க்கப்படுகிறது. 2011 இல் வெனிசுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனீப் பிசினின் உறிஞ்சும் திறனையும் ஆக்சிசனேற்றத்தைத் தடுக்கும் திறனையும் ஒருங்கே அளந்து, வெயிற்காப்புக் களிம்புகளில் சேர்க்கத்தக்க பொருள் என மதிப்பிட்டனர்.

இவ்வகை முடிவுகள் பெரும்பாலும் குப்பியிலும் எலித்தோலிலும் பெறப்பட்டவை. தேனீப் பிசினை வேறு வெயிற்காப்புப் பொருள்களோடு சேர்த்தால் பயன் கூடலாம் என்பதே இவற்றிலிருந்து நியாயமாகப் பெறத்தக்க முடிவு. தனியே பூசினால் போதும் என்பது அன்று.

தமிழ்நாட்டுத் தேனீக்கள்

வெளிநாட்டு ஆய்வுகளில் பேசப்படும் பிசின் இத்தாலியத் தேனீ முதலிய மேற்கத்தியத் தேனீ இனத்தின் கூட்டிலிருந்து பெறப்பட்டது. தமிழ்நாட்டில் பெட்டிகளில் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வரும் இந்தியத் தேனீ (அடுக்குத் தேனீ) பிசினை மிகக் குறைவாகவே நாடுகிறது. கூட்டின் இடுக்குகளைப் பெரும்பாலும் மெழுகாலேயே சரிசெய்துகொள்ளும். மார்த்தாண்டம் பகுதியில் 1920-களில் ஒய். எம். சி. ஏ. நிறுவனத்தின் முயற்சியால் பரவிய தேனீ வளர்ப்பு இந்த இனத்தையே நம்பியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் புழுக்களைத் தாக்கும் தாய்லாந்துப் பைநோய் பரவி இக்கூட்டங்களில் பெரும்பாலானவை அழிந்தன. பின்னர் இத்தாலியத் தேனீயும் தமிழகத்தில் பரவியது. அது பிசின் சேர்க்கும்.

கொம்புத் தேனீ தன் ஒற்றை அடை தொங்கும் கிளையின் இருபுறமும் ஒட்டும் பிசினை வளையமாகப் பூசி எறும்பு ஏறாமல் தடுக்கிறது. ஆனால் தமிழகத்தில் பிசினை மிகுதியாகச் சேர்ப்பது கொசுத் தேனீ எனப்படும் கொடுக்கில்லாத் தேனீயே ஆகும். இது 1854 இல் இலங்கையிலிருந்து பெற்ற மாதிரிகளைக் கொண்டு முதலில் விவரிக்கப்பட்டது. சுவர் வெடிப்பிலும் மரப்பொந்திலும் வாழும் இச்சிறு தேனீ தூய மெழுகால் கூடு கட்டுவதில்லை. மெழுகையும் பிசினையும் குழைத்த கரும்பழுப்புக் கலவையால் கட்டுகிறது. சுவரிலிருந்து நீண்டு நிற்கும் அதன் வாயிற்குழாயைத் தொட்டால் விரலில் ஒட்டும். கொட்டும் கொடுக்கு இல்லாததால் எதிரியைப் பிசினில் சிக்க வைப்பதே அதன் தற்காப்பு. பர்மாவில் இவ்வகைத் தேனீக்களின் கூட்டுப் பிசின் படகுகளின் பலகை இடுக்கை அடைக்கப் பயன்பட்டு வந்துள்ளது. நீர் புகாமை இதன் உறுதியான பண்பு என்பதற்கு அது சான்று.

மாரியூர்க் கடற்கரை

மாரியூர் இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில் மன்னார் வளைகுடாவை ஒட்டி அமைந்த ஊர் ஆகும். இதற்கும் அண்மையிலுள்ள வாலிநோக்கத்துக்கும் இடைப்பட்ட கடலோர நிலத்தில், 1974 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் உள்ளன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பாத்திகள் செப்பனிடப்பட்டு, மழை மீண்டும் தொடங்கும் வரை உப்பு வாரப்படும். வெயில் மிகுந்தால் விளைச்சல் மிகும் என்பதால், வேலைக்கு உகந்த நாளும் தோலுக்குக் கேடான நாளும் இங்கு ஒன்றே.

இவ்விடம் வடக்கு அகலாங்கு 9 பாகையை ஒட்டியுள்ளது. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும், நண்பகலில் கதிரவன் நேர் உச்சியில் நிற்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற ஊதாக் குறியீட்டில் 11-ம் அதற்கு மேலும் உள்ள அளவுகள் மிகக் கடுமையானவை. மார்ச் முதல் செப்டம்பர் வரை தெளிந்த வானமுள்ள நாள்களில் இக்கடற்கரையில் நண்பகல் அளவு இதனைத் தாண்டும். போதாக்குறைக்கு, பாத்தியில் படிந்த வெள்ளுப்பும் தட்டுமேட்டில் குவித்த அம்பாரமும் ஒளியைக் கீழிருந்து முகத்துக்கே திருப்புகின்றன. தலைப்பாகையின் நிழல் இந்த ஒளியைத் தடுக்காது. மோவாய், மூக்கின் அடிப்பகுதி, கண் ஆகியவை இதற்கு ஆளாகும்.

இத்தகைய இடத்துக்குத் தேனீப் பிசின் பொருந்துமா என்பதை மூன்று வகையில் பார்க்கலாம். முதலாவது மரம். இப்பகுதியில் பனையும், சீமைக் கருவேலமும், உடையும் மிகுதி. சீமைக் கருவேலத்தின் பூ தேனீக்களுக்கு நல்ல தேன் தரும். ஆனால் அம்மரமும் பிற வேலமரங்களும் கசிவது கோந்தே. அதில் புற ஊதா-பி கதிரை உறிஞ்சும் சேர்மங்கள் பெரும்பாலும் இல்லை. பாப்புலர் மரம் இங்கு இல்லை. மா, புன்னை போன்ற பிசின் கசியும் மரங்கள் தோப்புகளிலும் ஊர் நிழலிலும் உள்ள அளவுக்கே பிசின் கிடைக்கும். மாம்பிசின் என்றால் முன்னர்க் கூறிய டிரைடெர்ப்பீன் சிக்கல் எழும்.

இரண்டாவது அளவு. உப்பு வாருபவரின் முகம், கழுத்து, முழங்கைக்குக் கீழுள்ள கை, முழங்காலுக்குக் கீழுள்ள கால் ஆகியவற்றின் பரப்பு உடலின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு; அதாவது 5,500 சதுர சென்டிமீட்டர் எனக் கொள்ளலாம். சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் ஒருமுறை பூச 11 கிராம் களிம்பு வேண்டும். வியர்வையிலும் உப்புநீரிலும் களிம்பு கழுவப்படுவதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். ஒரு வேலைநாளில் நான்கு முறை என்றால் 44 கிராம். களிம்பில் நூற்றில் ஐந்து பங்கு பிசின் சேர்த்தாலும் நாளொன்றுக்கு இரண்டு கிராமுக்கு மேல். 200 நாள் வேலைக்கு 440 கிராம் ஆகிறது. நன்கு பிசின் சேர்க்கும் மேற்கத்தியத் தேனீக் கூட்டமே ஆண்டில் சில பத்துக் கிராம் முதல் சில நூறு கிராம் வரைதான் தரும். அதிலும் மெழுகை நீக்கினால் எஞ்சுவது இன்னும் குறைவு. ஒரு தொழிலாளிக்கு ஒரு கூடு போதாது என்பதே இக்கணக்கின் விடை. கொசுத் தேனீயின் கூட்டைச் சிதைத்து எடுப்பதோ, அக்கூட்டத்தையே அழிப்பதில் முடியும்.

மூன்றாவது வெப்பம். உப்பளத் தொழிலாளர்களுக்கு வெயிலால் வரும் கேடு தோலோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டு உப்பளங்களில் சென்னையிலுள்ள சிறீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மேற்கொண்டு 2023 இல் வெளியான ஆய்வு, பெரும்பாலான தொழிலாளர்கள் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் உழைப்பதையும், அவர்களுள் சிலருக்குச் சிறுநீரகச் செயற்பாடு குன்றியிருப்பதையும் காட்டியது. போதிய குடிநீரும், ஒதுங்க நிழலும், அருகில் கழிப்பறையும் இருந்தால்தான் இது குறையும். தோலில் பூசும் எதுவும் இதற்கு மாற்று ஆகாது.

துணியின் காப்பு பலரும் எண்ணுவதைவிடப் பெரிது. நெருக்கமாக நெய்த, அடர்நிறமுள்ள பருத்தித் துணி ஒரு நல்ல களிம்பைவிட மிகுந்த கதிரைத் தடுக்கும். மெல்லிய வெள்ளைத் துணி குறைவாகவே தடுக்கும். அது நனைந்தால் காப்பு இன்னும் குறையும். உப்பளப் பெண்கள் சேலையின் மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதைக் காணலாம். ஆய்வகச் சான்றுகளின்படி அவர்கள் செய்வது சரியே. ஒரு நாளின் புற ஊதாக் கதிரில் பாதிக்கு மேல் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே விழுவதால், விடியுமுன் தொடங்கி முற்பகலில் முடிக்கும் வேலைமுறையும் அதே அளவு பயன் தரும்.

ஒவ்வாமை

தேனீப் பிசின் தொடுகை ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள்களுள் ஒன்று. தேனீ வளர்ப்போரின் விரல்களில் அரிப்பும் வெடிப்பும் தோன்றுவது நெடுங்காலமாக அறியப்பட்டது. இதற்கு முதன்மைக் காரணம் காஃபிக் அமிலத்தின் எசுத்தர்களே. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் அதே சேர்மங்கள் ஒவ்வாமைக்கும் காரணமாவதால், ஒன்றை நீக்கி மற்றொன்றை வைத்துக்கொள்வது எளிதன்று. பெரு பால்சம் என்னும் நறுமணப் பிசினுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம்.

பிசினைக் கரைக்கப் பொதுவாக 70 விழுக்காட்டுச் சாராயம் பயன்படுகிறது. உப்புநீரில் வெடித்த தோலில் அக்கரைசலைப் பூசினால் கடுமையாக எரியும். கூட்டிலிருந்து சுரண்டிய பிசினில் வண்ணப்பூச்சு, வாகனப் புகை ஆகியவற்றிலிருந்து வந்த ஈயமும் கலந்திருக்கக்கூடும். எனவே தூய்மை ஆய்வுக்கு உட்படாத பிசினைப் பூசுவது தகாது. முதன்முறை பூசுவோர் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டு மூன்று நாள்கள் பொறுத்துப் பார்ப்பது நன்று.

அக்கடற்கரையின் பிற பொருள்கள்

இயற்கையான வெயிற்காப்பை மன்னார் வளைகுடாவில் தேடுவதானால், கூட்டைவிடக் கடலே பொருத்தமான இடமாகத் தோன்றுகிறது. ஆழமற்ற நீரில் நாள் முழுதும் ஒளியில் கிடக்கும் சிவப்புப் பாசிகள் பல, தம்மைக் காத்துக்கொள்ள மைக்கோசுபோரின் வகை அமினோ அமிலங்களை உண்டாக்குகின்றன. சினோரின், பாலித்தின், போர்ஃபைரா-334 முதலிய இச்சேர்மங்கள் 310 முதல் 360 நானோமீட்டர் வரை உறிஞ்சுகின்றன. அதாவது பல களிம்புகள் தடுமாறும் புற ஊதா-ஏ பகுதியையும் சேர்த்துத் தடுக்கின்றன. ஐரோப்பாவில் போர்ஃபைரா பாசியிலிருந்து எடுத்த இவ்வகைச் சாறு ஒப்பனைப் பொருள்களில் சேர்க்கப்பட்டு விற்கப்படுகிறது. நீரில் கரைவதால் வியர்வையில் எளிதில் கழுவப்படுவது இவற்றின் குறை.

இராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி ஆகிய சிவப்புப் பாசிகளைப் பல தலைமுறைகளாக மூழ்கி எடுத்து வருகின்றனர். அவை பெரும்பாலும் அகர் என்னும் கூழ்ப்பொருள் செய்யும் ஆலைகளுக்குச் செல்கின்றன. மண்டபத்தில் நடுவண் அரசின் உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் பாசி வளர்ப்பில் ஈடுபட்டு வருகிறது.

வீட்டுப் பூச்சுகளுள் மஞ்சள் வெயிலைத் தடுக்கும் என்று கருதப்படுவதுண்டு. மஞ்சளின் குர்க்குமின் 420 நானோமீட்டரை ஒட்டி, அதாவது கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியையே மிகுதியாக உறிஞ்சுகிறது. அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமும் அதுவே. தோலை எரிக்கும் 300 நானோமீட்டர்ப் பகுதியில் அது தரும் காப்பு சிறிது.